சீழ் நின்ற வெள்ளிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, ஆம்பூரில் எங்கள் சபைக் கூடத்தில் நான் எழுந்து நின்று, என் மகள் சுகமாகிவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் நேரம் நினைவிருக்கிறது. அந்த நிமிடத்தில் என் மகளின் காதுக்குள் உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை, காது ஓடும் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகள் பெயர் சலோமி. பதினோரு வயது. நான் பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆசிரியை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிக்கிறவர்.

முந்தின மழைக்காலத்தில் ஒரு சளியோடு சலோமியின் இடது காதில் சீழ் வடியத் தொடங்கியது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் கொடுத்த போரிக் தண்ணீரில் கழுவினோம். குறையும், திரும்ப வரும். காதில் வைத்த பஞ்சு நாறும். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியவில்லை. ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழியும் ஈரத்தோலும் வீசுகிற வாடையில் ஒரு சிறுமியின் காது எம்மாத்திரம்.

எங்கள் சபை சிறியது. பெரிய மிஷன் கோயிலிலிருந்து பிரிந்து வந்த முப்பது குடும்பங்கள். நாங்கள் விசுவாசிப்பவை ஏழு பிரமாணங்களாக ஒரு வெள்ளைத் துணியில் எழுதிப் பீடத்துக்குப் பின்னால் தொங்கும். எழுதியது நான்தான். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளை அதை ஒப்பிக்க வைத்ததும் நான்தான். வேதம் முழுவதும் தேவனுடைய வார்த்தை என்பது முதலாவது. மனிதன் தன் நற்செயல்களால் எதையும் சம்பாதிக்க முடியாது, கிறிஸ்துவை விசுவாசிப்பதால் இலவசமாகவே இரட்சிக்கப்படுகிறான் என்பது நான்காவது. சிலுவையில் ஆத்துமாவுக்கு மீட்பு உண்டு, சரீரத்துக்கும் சுகம் உண்டு என்பது ஆறாவது.

ஆறாவது பிரமாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஒரு சொல்கூட இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கு யாரும் சபையைக் குறை சொல்லக்கூடாது.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பஞ்சை எடுத்தபோது அது உலர்ந்திருந்தது. சனிக்கிழமையும் அப்படியே. வாடை இல்லை. நான் நாற்பது நாள் காலை உணவை விட்டு இதற்காக ஜெபிப்பதாகப் பொருத்தனை செய்திருந்தேன். முப்பத்தெட்டாம் நாள் சீழ் நின்றது. எனக்கு அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே சாட்சி (தேவன் தனக்குச் செய்ததைச் சபை நடுவில் அறிவிப்பது) சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தோஷம்மா. டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டினீங்களா?"

"தேவையில்ல ஐயா. நின்னுடுச்சு."

"அதுக்கில்ல, ஒரு வாட்டி பாத்துட்டா நல்லதுதானே."

"சுகம் கொடுத்தவர சந்தேகப்படற மாதிரி ஆயிடும் ஐயா" என்றேன். போதகருக்கு மேல் விசுவாசம் உள்ளவளாகத் தெரிந்ததில் அன்று எனக்கு ஒரு இன்பம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

பல நாள் வடிந்த சீழ் திடீரென்று நின்று, பிள்ளைக்கு வலியும் காய்ச்சலும் வந்தால், அது சுகம் அல்ல. வெளியே வரும் வழி அடைபட்டு, சீழ் உள்ளே திரும்பியிருக்கிறது. காதுக்குப் பின்னால் கை வைத்தால் தெரிகிற எலும்புக்கு மாஸ்டாய்டு (உள்ளே தேன்கூடு போலச் சிறு அறைகள் உள்ள எலும்பு) என்று பெயர். அந்த அறைகளில் சீழ் நிறைந்து எலும்பை அரிக்கும். அதற்கு அப்பால் மூளை. இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டது.

புதன்கிழமை சலோமி சரியாகச் சாப்பிடவில்லை. நெற்றி சுட்டது. "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாள். நான் கேட்ட விதத்தில் வேறு பதிலுக்கு இடமில்லை.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர், "வேலூருக்கு ஒருநடை போய்ட்டு வந்துடலாமா?" என்றார். அவர் அதிகம் பேசாதவர். "இது விசுவாசத்துக்கு வர்ற சோதனை. ஞாயிறு போகட்டும்" என்றேன்.

ஞாயிறு போகவேண்டியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் பெற்றதாகச் சாட்சி சொன்னால், அடுத்த ஞாயிறு சுகம் பெற்றவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு காலை சலோமியின் இடது காது முன்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. பின்னால் வீக்கம். தோல் சிவந்து பளபளத்தது. நான் அவள் பின்னலை அவிழ்த்து, முடியைத் தழையத் தழையக் காதின் மேல் இறக்கிவிட்டு, அகலமான ரிப்பன் கட்டினேன். சீப்பு பட்டபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை.

முன்னால் போய் நின்றாள். ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவள் பீடத்தின் விளிம்பைப் பிடித்திருந்தாள். பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால், என் கையெழுத்தில், நான்காவது பிரமாணம் தெரிந்தது. மனிதன் எதையும் சம்பாதிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் மார்க்கு போட்டே பழகிய நான், தேவனிடம் மார்க்கு வாங்கப் பிள்ளையை நிற்க வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை சலோமி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீ கிணற்றடியில் இருந்தார். முடி நனைந்து ஒதுங்கியிருந்ததால் காதைப் பார்த்துவிட்டார்.

"டீச்சரம்மா, இன்னாது இது? மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கினு போவுது! எத்தினி நாளா இது?"

"ஜெபம் பண்ணிட்டிருக்கோம்" என்றேன்.

"நாங்க துவா கேக்கலையா? கேட்டுட்டு டாக்டராண்டயும் போறோம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்குதா? நல்லா படிச்சீங்க போங்க!" என்றவர், என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணே, நீங்க இன்னா மரமாட்டம் நிக்கிறீங்க? வண்டிக்கு நேரமாவுது."

என் வீட்டுக்காரர் சலோமியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து, பாலாற்றைக் கடந்து வேலூர் மிஷன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஜட்காவின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சலோமி என் கையை அழுத்தினாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

வராந்தாவில் பெஞ்சில் வைத்தே டாக்டரம்மா பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், சின்ன வயது. காதுக்குப் பின்னால் விரலை வைத்ததும் அவர் முகம் மாறியது.

"வலி எப்ப ஆரம்பிச்சது?"

"இன்னைக்குக் காலையில" என்றேன்.

அவர் சலோமியைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா."

"காலையிலதான்" என்றாள் சலோமி.

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "இந்த எலும்பு எவ்வளவு அரிச்சிருக்கும், எவ்வளவு வெட்டணும்னு இந்தத் தேதிய வெச்சுத்தான் நான் கணக்குப் போடணும். ஒரு நாள்ல இப்படி ஆகாது. எனக்குச் சரியான தேதி வேணும்."

சலோமி என் பக்கம் திரும்பினாள். பாதி முகம் அசையவில்லை. மற்றப் பாதியால் கேட்டாள்:

"சொல்லட்டுமாம்மா?"

நான் தலையை ஆட்டினேனா என்று தெரியவில்லை. அவளே சொன்னாள். "போன செவ்வாய்க்கிழமைல இருந்து. அம்மா சாட்சி சொல்லிட்டாங்க. வலிக்குதுன்னு சொன்னா அது பொய்யாயிடும்னு நான் சொல்லல."

டாக்டரம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏட்டில் தேதியை எழுதிக்கொண்டு, "சீழ் நின்ன நாள்?" என்று மட்டும் கேட்டார். "அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை" என்றேன். பத்து நாளில் நான் பேசிய முதல் உண்மை அது.

அன்று பிற்பகலே குளோரோபாரம் (முகர வைத்து மயக்கும் மருந்து) கொடுத்து, காதுக்குப் பின்னால் கீறி, அரித்த எலும்பைச் சின்ன உளியால் செதுக்கி எடுத்தார்கள். இரண்டு மணி நேரம். நான் வராந்தாவில் ஜெபிக்க முயன்றேன். வாய் திறந்தால் ஏழு பிரமாணங்களும் பாடம் ஒப்பிப்பதுபோல வந்தன. அதனால் சும்மா இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேன். "பொழைக்க வையுங்கன்னு கேட்டேன். வேற இன்னா கேக்கறது?" என்றார்.

சீழ் மூளையைத் தொட இன்னும் இரண்டொரு நாளே இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

சலோமி பிழைத்தாள். அதன் பின் வந்த வாரங்களைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புண்ணைத் தைத்து மூடமாட்டார்கள். அடியிலிருந்து ஆறி வரவேண்டும் என்பதற்காகத் திறந்தே வைத்து, மருந்தில் நனைத்த துணித்திரியை உள்ளே அடைப்பார்கள். தினமும் காலையில் பழைய திரியை உருவிப் புதியதை வைப்பார்கள். அதுதான் ஆபரேஷனைவிடக் கொடியது.

முதல் நாள் திரியை உருவியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். நான் பழக்கிவிட்டதுதான் அது என்று தெரிந்தது. "கத்துடி கண்ணு, வலிச்சா கத்தணும்" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் கத்தினாள். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மாள் கடிந்துகொண்டார். எனக்கு அந்தச் சத்தம் போதும்போல இருந்தது.

சிரிக்கவும் செய்தாள். கஞ்சி குடித்தால் இடப்பக்கம் வழியும். "கஞ்சிக்கு வழி தெரியலம்மா, பாவம்" என்பாள்.

இடது காது இனிக் கேட்காது. முகத்தின் அசைவு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. இடது கண்தான் தூங்கும்போதும் முழுக்க மூடுவதில்லை. காதுக்குப் பின்னால் என் கட்டைவிரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு குழி.

ஏழு பிரமாணங்களையும் நான் இன்றும் விசுவாசிக்கிறேன். ஆறாவதையும்தான். ஆனால் விசுவாசம் என்று நான் நினைத்தது, சபை என்னைப் பற்றி நினைத்ததைக் காப்பாற்றுவதாக இருந்தது. என் உபவாசத்தின் முப்பத்தெட்டு நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு, கூலி கேட்கிறவளைப் போல நின்றிருக்கிறேன். இலவசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நான்காம் வாரம் ஒரு கடிதம் எழுதினேன். சாட்சி சொன்ன இடத்திலேயே அதை மறுக்க வேண்டும். நேரில் போக எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளையை விட்டு வரமுடியாது என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. சீழ் நின்ற நாள், முடியை இறக்கிக் காதை மறைத்தது, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், எல்லாம் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எழுந்து நின்று பேசியே பழக்கமில்லாத மனிதர் ஞாயிற்றுக்கிழமை சபையில் அதைப் படித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகாமல் காலை வண்டியில் என்னிடம் வந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"பாட்டு ஆரம்பிக்கக்கூட யாருக்கும் தோணல. ஐயா மட்டும் தலைய குனிஞ்சிக்கினு இருந்தாரு."

இப்போது என் நாள் காலண்டரில் இல்லை. திரி மாற்றுவதற்கு முன், திரி மாற்றிய பின் என்று இரண்டாக இருக்கிறது. சலோமியின் வலப்பக்கமாகவே நடக்கிறேன், உட்காருகிறேன். அவள் இல்லாத இடத்திலும், யார் கூப்பிட்டாலும் என் உடல் தானாக வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது. அவள் தூங்கும்போது காதுக்குப் பின்னால் சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். பிறகு என் காதுக்குப் பின்னாலும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எலும்பு இருப்பதே நாற்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது.

கடிதம் படித்த மறுநாள், வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போதகர் வருவாரோ, சபை மூப்பர்கள் வருவார்களோ என்று வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் ஒரு பெண் வந்தாள். அதே வண்டியில்தான் வந்திருக்கிறாள், வழி தெரியாமல் ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிறாள். சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறவள். பெயர் அன்னாள் என்பது மட்டும் தெரியும். ஷாப்பில் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிற வேலை. அவளோடு நான் பேசியதே இல்லை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலில் கண் சொருகித் தோளில் கிடந்தது.

அன்னாள் சலோமியின் காதில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க எழுந்து சொன்னத கேட்டுட்டு இவளுக்குக் காதுல மருந்து வுடறத நிறுத்திட்டேன் டீச்சரம்மா. வெள்ளிக்கிழமைல இருந்து சீழ் வரல. நானும் நேத்து எழுந்து சாட்சி சொல்லலாம்னுதான் குந்தினு இருந்தேன். அதுக்குள்ள உங்க வூட்டுக்காரரு அந்தக் கடுதாசிய படிச்சாரு. எந்த டாக்டரம்மா? எங்க போய் காட்டணும், வாங்க."