டிராகனுக்கு எழுதிய ஆறுதல்

போன ஞாயிறு கல்கிசையிலிருந்து அக்காவின் மகள் போன் எடுத்தாள். மேசையைச் சுற்றியிருந்து தாயக்கட்டை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்து, கதை சொல்லியே சண்டை பிடிக்கிற விளையாட்டில் அவள் புதிதாக மந்திரவாதி ஆகியிருக்கிறாளாம். நெருப்புப் பந்து மந்திரம் நல்லதா, நித்திரையாக்கும் மந்திரம் நல்லதா என்று கேட்டாள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள் என்ற புளுகத்தில், சந்தோசம் தாங்காமல், நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். நடுவிலேயே அவள் சாப்பிடப் போய்விட்டாள் என்பது அக்கா சொல்லித்தான் தெரியும்.

அதில் நான் பெரிய வித்துவான் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு அன்ரன் வீட்டுக்குப் போவேன். அவன் ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் கிளார்க். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அவன் அம்மா வைக்கிற மாட்டிறைச்சிக் கறி படியிலேயே மணக்கும். சைவ வீட்டுப் பிள்ளையான நான் அந்தக் கறிக்காகத்தான் மந்திரவாதி ஆனேன் என்பான் அன்ரன். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

என் கொள்கை ஒன்றுதான்: நெருப்புப் பந்தைத் தவிர மற்றதெல்லாம் சும்மா. எதிரியை மந்தமாக்கும் மந்திரத்தை அன்ரன் தலையில் கட்டினேன். மந்திர அட்டைகளைத் தமிழில் எழுதிய பண்டிதரும் நானே. எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் மெதுவாக வரச் சொல்ல 'ஆறுதலா வா' என்பார்கள். ஆகவே அந்த அட்டையில் 'ஆறுதல்' என்று எழுதினேன்.

அன்ரன் கனடாவுக்குப் போவதற்கு முந்திய ஞாயிறு. மாதக்கணக்காகத் துரத்திய டிராகனை அன்றைக்குக் கொல்லாவிட்டால் இனி இல்லை. நான் ஒடுக்கமான குகைக்குள் நெருப்புப் பந்தை எறிந்தேன். டிராகனுக்குத் தோல் கொஞ்சம் கறுத்தது. நான்தான் கருகி விழுந்தேன். பதறிப்போன அன்ரன், அதுவரை ஒருமுறையும் பாவிக்காத தன் 'ஆறுதல்' அட்டையை என்மேல் போட்டான். கதையை நடத்திய அவன் தங்கை ஷெரின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இனி நான் ஊர்ந்துதான் போகலாம் என்றாள். டிராகன் அவசரப்படாமல் வந்து என்னைத் தின்றது, பிறகு அவனை.

"ஆறுதல் எண்டா சுகமாக்கிறது இல்லையா மச்சான்? செத்த வீட்டில ஃபாதர் அதைத்தானே சொல்லுவார்" என்றான் அன்ரன்.

வயிறு நோகச் சிரித்தோம். அடுத்த ஞாயிறு அவன் இல்லை.

முந்தாநாள் போனில் வந்தான். அங்கே பிள்ளைகளோடு இங்கிலீஷில் விளையாடுகிறானாம்.

"அந்த டிராகனைக் கொன்றிட்டம்டா. ஒரு குழப்பமும் வரேல்லை."

நல்லது என்றேன். போனை வைத்த பிறகு சரியான கவலையாகிவிட்டது. இல்லாத மிருகத்துக்காக, தலை நரைத்த எனக்கு. ஷெரின் மெல்பேர்னில். கொட்டாஞ்சேனை வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. தமிழில் சண்டை பிடித்து அந்த டிராகனிடம் தோற்க இனி ஆள் இல்லை.