கதவுக்கு வெளியே நின்று பேசுகிறவர்

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் அந்த வட்டாரத்தில் எல்லாரும் கூப்பிடுவது அவரைத்தான். லிஃப்ட்டுக்காரர் என்றால் போதும். உயரத்துக்கு அஞ்சாதவர், இருட்டுக்கு அஞ்சாதவர். பல் டாக்டர் என்றால் மட்டும் பயம். பல வருஷமாக ஒரு பக்கத்துப் பல்லால்தான் மெல்கிறார்.

அவருடைய ஆறு வயது மகளின் கன்னம் இன்று காலை பன் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே சீழ். போன வாரமே பிடுங்கியிருக்க வேண்டிய பல். அன்று பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் அவள் கையில் போன் இருந்தது. ஊசி ஈறைத் தொடும் நேரத்தில் கார்ட்டூனுக்கு நடுவே விளம்பரம் வந்தது. அதைத் தள்ளிவிடக் கையை வீசினாள். ஊசி உதட்டைக் கீறிவிட்டது. அதற்குப் பிறகு எட்டுப் பேர் பிடித்தாலும் அவளை உட்கார வைத்திருக்க முடிந்திருக்காது.

இன்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், போன் வெளியே என்று. இன்றும் வாயைத் திறக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வீக்கத்தைக் கண் வரைக்கும் ஏறவிடக் கூடாது.

லிஃப்ட்டுக்காரருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. சோறு ஊட்டப் போன், தலை வாரப் போன், காய்ச்சல் மருந்து கொடுக்கப் போன். மனைவிக்குக் காலை ஷிப்ட். பிள்ளையைக் கிளப்புவது அவர் பாடு, அந்தப் பாட்டைப் போன் பார்த்துக்கொண்டது. அது இல்லாமல் அவளைச் சமாதானப்படுத்த அவர் பழகியதே இல்லை.

"வலிக்காதுடா செல்லம்," என்றார்.

"போன வாட்டியும் இதைத்தான் சொன்ன."

உதட்டை இறுக்கிக்கொண்டு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். வெளியே அடுத்த ஆள் இருமினார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசுவார். இங்கதான் நிக்கிறேன், இப்ப டக்குனு ஒரு சத்தம் வரும், அப்புறம் ஒரு குலுக்கல் வரும் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்ல மாட்டார். அப்படிச் சொன்ன பிறகு குலுங்கினால் உள்ளே இருப்பவர் அடுத்த வார்த்தையை நம்ப மாட்டார். மகளிடம் அதைத்தான் சொல்லித் தொலைத்திருந்தார்.

அடுத்தடுத்து என்ன வரும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க லிஃப்ட்டுக்காரரின் முதுகில் வேர்வை வழிந்தது. மகளின் காதருகே குனிந்தார்.

"வலிக்கும். எறும்புக்கடியை விட ஜாஸ்தி. கொஞ்ச நேரத்துல போயிடும். அப்புறம் உதடு தடிச்சுப் போகும்."

அவள் தலையைத் தூக்கினாள். "அப்புறம்?"

"நறுக்குனு ஒரு சத்தம். தலைக்குள்ளயே கேக்கும். பல்லு உடையல, வேர் கழலுது, அவ்வளவுதான்."

"நீ எங்க நிப்ப?"

"இங்கதான்."

வாய் திறந்தது. ஊசி இறங்கியபோது கண்ணீர் கொட்டியது, கை அசையவில்லை. திரையைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கினால் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். குரலை ஆடவிடவில்லை. அடுத்தது இழுக்கும், அடுத்தது அமுக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நறுக்கென்றது.

"அதான்," என்றார்.

பல் தட்டில் விழுந்தது. பஞ்சைக் கடித்தபடி முதல் வேலையாகக் கையை நீட்டிப் போனைக் கேட்டாள். அவளை இறக்கிவிட்டுப் போய் எடுத்து வந்து கொடுத்தார். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா என்ன?

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு பக்கத் தாடையை அசைக்கவே மாட்டேங்கிறீங்க. உக்காருங்க சார், பாக்கறேன்."

இன்னொரு நாள் வருவதாக இழுத்தார்.

மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வலிக்கும்ப்பா," என்றாள், பஞ்சுக்குள்ளிருந்து.

அவர் உட்கார்ந்தார்.