மகன் மட்டும் போதும் என்று கேட்டேன்

என் மகன் சாமுவேல் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், இதே சபையில் உட்கார்ந்து நான் பாட்டுப் பாடிய ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. வாய் பாடும். வயிற்றுக்குள் நெருப்பு எரியும். அந்த நெருப்பை ஆண்டவர் அணைத்த விதத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். என்னோடு ஒரே திருவிருந்துப் பந்தியில் அப்பம் எடுக்கிற உங்களில் சிலருக்கு நான் சொல்வது பிடிக்காது. பரவாயில்லை.

என் பெயர் எஸ்தர். மதுக்கரையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாம் எங்களுக்கு ஒரே பிள்ளை. டிப்ளமோ முடித்து, பெருந்துறையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறுவான். சம்பளம் வீட்டுக்குப் போதும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆட்கள் இருந்தார்கள்.

அதில் ஒருவரை ஆல்பர்ட் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். யாரென்று உங்களுக்குத் தெரியும். சபைக் கமிட்டியில் இருக்கிறவர். புது வீடு கட்டினார், சாட்சி சொன்னார். கார் வாங்கினார், சாவியைத் தூக்கிக் காட்டிச் சாட்சி சொன்னார். நாமும் கை தட்டினோம். மூன்று வேளை சாப்பிட்டோம், நிம்மதியாகத் தூங்கினோம், ஸ்தோத்திரம் என்று யாரும் எழுந்து சொன்னதில்லை. சொன்னால் யார் கேட்டிருப்போம்? ஆசீர்வாதம் என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று நமக்குள்ளேயே முடிவு செய்துகொண்டோம்.

ஒருநாள் சபை வாசலில் வைத்து அவர் சாமிடம் சொன்னார்: "எத்தன நாளைக்குத் தம்பி பெருந்துறையிலயே கெடப்பீங்க? ஆண்டவரு கதவத் தொறக்கறப்ப உள்ள போயிரோணுமுங்க."

கதவு என்பது வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவன் இருந்தான். சாமும், அவனோடு ஞாயிறு பள்ளியில் படித்த ரூபனும் கிளம்பினார்கள். ரூபனுடைய அம்மா கிரேஸ் அக்காவை உங்களுக்குத் தெரியும். புருஷனை இழந்தவர், இட்லி மாவு அரைத்து விற்று அவனை வளர்த்தவர்.

நமக்கு எதற்குக் கண்ணு அவ்வளவு தூரம் என்று சாமிடம் கேட்டேன்.

"ரெண்டே வருசம்மா. மேல ஒரு மாடி எடுத்துப்போட்டு அப்புறம் இங்கயே இருந்துக்கறேன்" என்றான்.

மாடி வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் கூட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் மாடி கட்டிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் அவன் காதுபடவே அடிக்கடி சொல்லியிருக்கிறார். அது ஆடி மாதம். இரண்டு பையன்களையும் சபைக்கு முன்னால் முழங்கால் போட வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினோம். நீங்களும் கை வைத்தீர்கள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் பேசினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "அம்மா, நான் நலமாக இருக்கிறேன். வேலை சிறப்பாக உள்ளது" என்றான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டோம். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், நம்பவில்லை.

உண்மை ரூபன் வழியாக வந்தது. யாருடைய போனிலோ திருட்டுத்தனமாகக் கிரேஸ் அக்காவுக்குப் பேசி அனுப்பியிருந்தான். சொன்ன நாட்டில் இறக்கி, ஆற்றைத் தாண்ட வைத்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். சுற்றிலும் உயரமான சுவர், துப்பாக்கியோடு காவல். வேலை என்னவென்றால், முகம் தெரியாத மனிதர்களிடம் போனில் நைசாகப் பேசி அவர்கள் சேர்த்து வைத்த பணத்தைப் பறிப்பது. செய்யாவிட்டால் அடி. தப்பிக்கப் பார்த்தால் உடம்பில் கரண்ட் வைப்பார்கள்.

ஏஜென்ட் போனை அணைத்துவிட்டான். ஆல்பர்ட் அண்ணன் வீட்டுக்கு ஓடினோம். அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "புது எடத்துல மொதல்ல கஷ்டமாத்தானுங்க இருக்கும், பையனுகதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்" என்றார்.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அதற்கு மேல் எங்களுக்குப் போக இடமில்லை. தினமும் மத்தியானம் மாவு மிஷின் ஓய்ந்த பிறகு, கிரேஸ் அக்கா வீட்டுச் சிமெண்டுத் தரையில் நானும் அவரும் முழங்கால் போட்டோம். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை. பாதி நாள் அழுகைதான். சில நாள் ஆண்டவரோடு சண்டை போட்டேன். உம்முடைய பெயரைச் சொல்லித்தானே என் பிள்ளையை அனுப்பினார்கள், நீர் ஏன் பேசாமல் இருந்தீர் என்று கேட்டேன். கடைசியில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. மாடி வேண்டாம், நல்ல பெயர் வேண்டாம், மகனை மட்டும் கொடும், அது போதும் என்றேன். அக்காவும் அதையேதான் கேட்டார். வார்த்தைகூட மாறவில்லை.

கிறிஸ்துமஸ் போனது. லெந்து நோன்பு நாட்கள் வந்தன. ஒரு மத்தியானம் நாங்கள் முழங்காலில் இருக்கும்போதே என் போன் அடித்தது. டெல்லியிலிருந்து தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி. அந்த இடத்தை அந்த நாட்டுப் பட்டாளம் சுற்றி வளைத்து ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டது, அரசாங்க விமானத்தில் சாமுவேல் டெல்லிக்கு வந்துகொண்டிருக்கிறான், இங்கிருந்து ரயிலில் ஏற்றிவிடுகிறோம் என்றார். நான் ரூபன் பெயரைச் சொன்னேன். தேடிப் பார்த்தார். அப்படி ஒரு பெயர் இல்லையே அம்மா என்றார். அக்கா என் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தார். என் ஜெபத்துக்குப் பதில் வந்த நேரம் அது. எனக்கு ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெயரைத் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு, கோயமுத்தூர் ஜங்ஷனுக்கு அக்காவும் எங்களோடு வந்தார். ரூபனுக்குப் பிடிக்கும் என்று தக்காளிச் சாதம் கட்டி எடுத்து வந்திருந்தார். சாம் இறங்கினான். பாதி ஆளாகியிருந்தான். நான் கூப்பிட்டது அவன் இடது காதில் விழவில்லை, வலப்பக்கம் திரும்பித் தேடினான். நான் அவனைத் தொடுவதற்கு முன்னால் அக்கா கேட்டார்:

"எம்பட பையன் எந்தப் பொட்டியில கண்ணு வாரான்?"

சாம் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான். பட்டாளம் வருவதற்கு முந்தின வாரம் ரூபனையும் வேறு சிலரையும் ஒரு வேனில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்களாம். இவன் ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். அக்கா தக்காளிச் சாதம் இருந்த தூக்குப்போசியைத் திறந்து சாம் கையில் கொடுத்தார். "நீ சாப்பிடு சாமி, பசியோட வந்திருப்பே" என்றார்.

காது எப்படிப் போனது என்று பல நாள் கழித்துத்தான் சொன்னான். தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மாவிடம் பேசி ஏமாற்றச் சொன்னார்களாம். இவன் அந்த அம்மாவை எச்சரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டான். அதற்கு விழுந்த அடி. "சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு உன்ற மாதிரியே கேட்டுச்சும்மா அது" என்றான்.

ஊரில் நிறையப் பேர் பார்க்க வந்தார்கள். ஏதாவது சேர்த்துக்கொண்டு வந்தானா என்று கேட்டவர்களும் அதில் உண்டு. ஆல்பர்ட் அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "ஆண்டவரு பெரிய காரியம் செஞ்சுபோட்டாருங்க அம்மணி. வார ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லிப்போடுங்க" என்றார்.

"கிரேஸ் அக்கா ஊட்டுக்குப் போனீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

போகணும் என்றார். இன்னும் போகவில்லை.

சாம் இப்போது உக்கடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறான். பெருந்துறையில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை, மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். என் வீட்டுக்காரர் மற்றவர்களின் வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். அன்றன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள் என்று ஆண்டவர் கற்றுக்கொடுத்ததன் அர்த்தம் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு நான் உயிருள்ளவரை நன்றியுள்ளவள்.

ஆனாலும் இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவை முன்னால் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர்தான் சொல்லச் சொன்னார். "நீ சொல்லோணும் எஸ்தரு. உம்பட பையன் வந்ததச் சொன்னாத்தான் எம்பட பையனும் வருவான்னு எனக்குத் தெம்பா இருக்கும்" என்றார். இன்றைக்கும் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் போடுகிறோம்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவரை நம்புங்கள். காருக்காகவும் மாடிக்காகவும் நம்பியது போதும். உங்கள் பிள்ளைகள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அதுதான் ஆசீர்வாதம், அதற்காக எழுந்து சாட்சி சொல்லுங்கள். இப்போது ஜெபிக்கப் போகிறோம். உங்கள் பிள்ளைகளின் விசாவுக்கும் வேலைக்கும் முன்னால், ரூபன் என்று ஒரு தடவை சொல்லுங்கள். அவன் அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள்.