கரைமேட்டுப் படகுக்குக் கையெழுத்துப் போட்டவர்

மார்கழி கடைசி வாரம். காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது கரைமேடு காலனியிலிருந்து கஸ்தூரி போன் செய்தார். "சார், நர்சம்மா பூட்டாங்க சார். வாசல் தெளிச்சுட்டு உள்ள போனாங்களாம். செவுத்தோரம் சாஞ்சவங்க எழுந்திருக்கலையாம்." நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போய் பாதி நடத்தி வைத்திருந்த ஆங்கிலப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் செஞ்சிக்கு பஸ் ஏறினேன். அதுவரை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

கன்னியம்மாள் சிஸ்டரின் வீட்டுத் தெருமுனையில் நான் போவதற்குள் பேனர் கட்டியிருந்தார்கள். 'கரைமேட்டுக்குப் படகு தந்த தாய்' என்று போட்டிருந்தது. அவர் படகு தரவில்லை. தந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு அமைப்பு. பேனரில் படம் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் தொட மாட்டோம் என்று சொன்ன படகைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டவர் அவர். உடலை எடுப்பதற்கு முன்பு ஊராட்சியின் முன்னாள் தலைவர் மைக்கைப் பிடித்து, "எஞ்சினைக்கூட தானே கழற்றி மாட்டத் தெரிந்த வீரப் பெண்மணி" என்றார். எஞ்சினைக் கழற்றினார் என்று அவர்மேல் புகார் எழுதியவரும் இவர்தான். கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதற்கு அந்த மௌனம்தான் காரணம்.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரைமேடு காலனி, மேல்மலையனூர் சாலையிலிருந்து பிரிந்து போகும் மண்பாதையின் கடைசியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கோடி போனால் ஓடை பாதையை மூழ்கடித்துவிடும். நல்ல மழை பெய்த வருடங்களில் மூன்று வாரம்கூட அந்த வீடுகளுக்கு வழி கிடையாது. ஓடையின் இந்தப் பக்கம் பள்ளி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் எல்லாம் இருக்கின்றன. பாலம் கட்டுவதற்கான அடிக்கல்லை என் பணிக்காலத்தில் இரண்டு முறை நட்டுவிட்டார்கள். அந்தத் துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸாக இருந்தவர்தான் கன்னியம்மாள். அவர் பிறந்ததும் இதே போன்ற ஒரு காலனியில்தான், தொண்டூர்ப் பக்கம். மழைக்காலத்தில் மாத்திரைப் பையைத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து போவார். உடன் போகத் துறையில் யாரும் வந்ததில்லை.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு பைபர் படகு ஒன்றும், அதன் பின்னால் மாட்டும் பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் வந்தன. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. "ஆள் விழுந்து செத்தா யார் பதில் சொல்றது?" என்றார் அப்போது பதவியில் இருந்த அதே தலைவர். சுகாதாரத் துறையில் கேட்டால், படகு எங்கள் பட்டியலில் வராது என்றார்கள். லாரிக்காரர் திருப்பி எடுத்துப் போகப் போனார். சிஸ்டர் அவரிடமிருந்து தாளை வாங்கி, தன் வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பாறையும் வேலிக்காத்தானும் மட்டுமே இருக்கும் ஊரில் சொந்தப் படகு வைத்திருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். டீக்கடையில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

முதல் வருட மழை நின்றதும் படகைக் கரையேற்றினார்கள். தலைவரின் ஆள் ஒருவர் எஞ்சினைத் தார்ப்பாயில் சுற்றி, கயிறு கட்டி, வெயில் அடிக்கும் ஒரு சுவரோரம் நிறுத்தினார். உள்ளே பெட்ரோல் இருக்கிறதே என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். "அது இன்னா பாலா, திரிஞ்சு போறதுக்கு? நீங்க ஊசி போடுற வேலையப் பாருங்க" என்று பதில் வந்தது. பார்த்தார். அதுதான் தன் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அடுத்த ஐப்பசியில் ஓடை பெருகிய இரண்டாம் நாள் மதியம் கஸ்தூரிக்குப் பிரசவ வலி எடுத்தது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே இருந்தது. படகில் ஏற்றிவிட்டார்கள். கஸ்தூரியின் கணவர் முருகன் எஞ்சின் கயிற்றை இழுத்தார். அது இருமியது, கிளம்பவில்லை. கை தோல் உரியும்வரை இழுத்தார். கடைசியில் மூங்கிலை ஊன்றித் தள்ளினார்கள். ஓடையின் இழுப்பு அவர்களை எதிர்க்கரையில் சேர விடாமல் கீழே வெகுதூரம் கொண்டுபோனது. கரை சேர்ந்து ஆம்புலன்ஸில் ஏற்றியபோது சாயங்காலமாகிவிட்டது. கஸ்தூரி பிழைத்தார். பையன் பிழைக்கவில்லை. ஒருவாரம் கழித்து வந்த மெக்கானிக் கார்புரேட்டரைத் திறந்து காட்டினார். ஒன்பது மாத வெயிலில் பெட்ரோல் காய்ந்து, பிசின் போல் துளையை அடைத்திருந்தது. "வெக்கும்போதே பெட்ரோல ஓட்டித் தீத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றபடி துளையைச் சுத்தம் செய்தார். அதிகாரிகள் விசாரித்து எழுதிய தாளில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். பெட்ரோலோடு அதைச் சுற்றி வைத்தவர் பெயர் அதில் இல்லை.

அந்தத் தை மாதம் சிஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். எஞ்சினோடு கம்பெனி கொடுத்த ஆங்கிலப் புத்தகம் கையில் இருந்தது. "சார், இத எடுத்து வெக்கிறது எப்படின்னு போட்டிருக்குதாம். படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். அத்தியாயம் முழுக்கக் குளிர்காலத்துக்கு எஞ்சினைத் தயார் செய்வதைப் பற்றியது. பனி உறையும் ஊர்களுக்காக எழுதியது. உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து எஞ்சினை வெடிக்கச் செய்யும், ஆகவே இன்ன இன்ன செய் என்று வரிசையாக இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நமக்குப் பனி இல்ல சார். வெயிலு இருக்குது. அதுக்கு எதெது பொருந்தும்னு பாத்துச் சொல்லுங்க."

"சிஸ்டர், நீங்க இதைத் திறக்காதீங்க" என்றேன். "திறந்தா வாரண்டி போயிடும்னு இங்க போட்டிருக்கு. பாண்டிச்சேரியில கம்பெனி ஆள் இருக்காங்க. அங்க கொடுத்துடுங்க."

அவர் ஏற்கெனவே போன் செய்திருந்தார். எஞ்சினை அங்கே கொண்டுபோக வேண்டும். திரும்பி வர ஒன்றரை மாதமாகும். உதிரிப் பாகம் தேவைப்பட்டால் இன்னும் ஆகும். கொண்டுபோக யாரும் வண்டி தரவில்லை. இடையில் ஒரு புயல் மழை வந்தால் கரைமேட்டில் படகு இருக்கும், எஞ்சின் இருக்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கம்பெனிக்காரன் எஞ்சினுக்குப் பொறுப்பு எடுப்பான். சரி. காலனிக்கு எடுப்பானா?"

ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டி என் முன் வைத்தார். அன்று மதியம் முழுக்க இருவரும் உட்கார்ந்து, பனிக்கான வரிகளை அடித்துவிட்டு, வெயிலுக்கும் சேற்றுக்கும் உதவும் வரிகளை மட்டும் தமிழில் எழுதினோம். நான்கே வேலைகள் மிஞ்சின. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இதற்காகவா ஒரு பிள்ளை போனது என்று அவர் கேட்டபோது குரல் உயரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் நீல டிரம் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் எஞ்சினை நிறுத்தி ஓட்டினார். உள்ளே இருந்த சேறெல்லாம் வெளியே வந்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டார். பிளக்கைக் கழற்றி, காலாவதியான சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து உள்ளே விட்டு, முருகனை மெல்லக் கயிற்றை இழுக்கச் சொன்னார். அடியில் கியர் எண்ணெயைத் திறந்தால் பால் மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த மூடியில் தண்ணீரைத் தடுக்கும் வாஷரையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றினார். சேலை முழுக்கக் கறை. பிறகு எஞ்சினை நிமிர்த்தி, காற்றுப் போகும்படி பருத்தித் துணி மூடி, சுகாதார நிலையத்தின் நிழலான அறையில் நிறுத்தினார்.

யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். வேலை நேரத்தில் மெக்கானிக் வேலை பார்க்கிறார், அரசு சிரிஞ்சை வீணாக்குகிறார், பொதுச் சொத்தைத் திறந்து கெடுக்கிறார் என்று தலைவர் எழுதிக் கொடுத்தார். மெமோ வந்தது. பொதுச் சொத்து என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட ஆள் இல்லாதபோது அது யார் சொத்தாக இருந்தது?

சிஸ்டர் தான் எழுதிய விளக்கத்தின் நகலை என்னிடம் காட்டினார். அவர் எழுத்து அப்படியே நினைவிருக்கிறது: 'எஞ்சின் பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டுள்ளீர்கள். நான் பொறுப்பு. எஞ்சின் ஓடாமல் உயிர் போனால் யார் பொறுப்பு என்பதைத் தாங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.' அதற்குப் பதில் வரவில்லை. மாவட்டத்தின் மறுகோடிக்கு மாறுதல்தான் வந்தது.

அதற்கு முன் ஒன்று நடந்தது. அந்த வேலை நடந்தது ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் அன்று அங்கே இருந்தவன். "நானும் கவர்மெண்டு வேலையில இருக்கேனே சிஸ்டர்" என்றேன். "சரி சார். டென்ஷன் ஆவாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாறுதலாகிப் போன இடத்திலிருந்து மூன்று பஸ் மாறி, ஒவ்வொரு தை மாதமும் ஒரு விடுமுறை நாளில் வந்து அந்த நான்கு வேலைகளையும் செய்தார். ஓய்வு பெற்றுச் செஞ்சிக்குத் திரும்பிய பிறகும் நிறுத்தவில்லை. கஸ்தூரியும் கூட நின்று கற்றுக்கொண்டார். ஒரு மழைக்காலத்திலும் எஞ்சின் மூன்றாவது இழுப்புக்கு மேல் காத்திருக்க வைத்ததில்லை. கஸ்தூரி தன் மகளைப் பெற்றெடுக்கப் போனதும் அந்தப் படகில்தான்.

ஒரு கார்த்திகையில் தலைவரின் அம்மா ஓடைக்கு அந்தப் பக்கமுள்ள கழனி வீட்டில் மாட்டிக்கொண்டார். நெஞ்சுவலி. தலைவர் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அன்று லீவில் கரைமேட்டுக்கு வந்திருந்த சிஸ்டர் அவரையும் ஏற்றிக்கொண்டு போய் அந்த அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டேன். "இன்னா பேசறது சார்? சலைன் பாட்டில அவரு கைல குடுத்து, ஒசத்திப் புடிங்கன்னேன். கரை வர்ற வரைக்கும் புடிச்சாரு." அந்த அம்மா இன்னும் நன்றாக இருக்கிறார். புகார் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. சிஸ்டரின் பணிப்பதிவேட்டில் அந்த மெமோ அப்படியே இருக்க, அவர் ஓய்வு பெற்றார், இறந்தும் போனார். மைக்கில் வீரப் பெண்மணி என்று சொல்ல முடிந்த வாயால், அலுவலகத்தில் போய் 'நான் எழுதியது தப்பு' என்று சொல்ல முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். சிஸ்டருக்கு நினைவுச் சின்னம் வைக்க வேண்டுமாம். சுகாதார நிலையத்தின் முன்னால் சிமெண்ட் மேடை கட்டி, படகுக்குப் பெயிண்ட் அடித்து அதன்மேல் வைத்து, எஞ்சினுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யலாம் என்றார் முன்னாள் தலைவர். இரண்டு பேர் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து கஸ்தூரி எழுந்தார்.

"படகை மேடை மேல வெச்சுட்டீங்கன்னா ஐப்பசில நாங்க எதுல வர்றது?"

"அதுக்குள்ள பாலம் வந்துடும்மா."

"கல்லு ரெண்டு கிடக்குது. பாலம் இன்னும் வரலையே."

"படகு அந்தம்மா பேருல இருக்குது. அவங்களே இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் அவர். ஏழு வருடத்துக்கு முன் லாரி பக்கத்தில் நின்று கேட்ட அதே கேள்வி. அது வேறு குரலில்கூட வரவில்லை.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எழுந்து, படகைக் கஸ்தூரி தன் பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும், நான் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பிறகு, புகாரில் சொன்ன அந்த வேலை ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது, நான் பக்கத்தில் இருந்தேன், அதையும் எழுதித் துறைக்கு அனுப்பப்போகிறேன் என்றேன். காலம் கடந்த சாட்சி. யாருக்கு உபயோகம் என்று முன்னாள் தலைவர் கேட்டார். "பதிவேட்டுக்கு" என்றேன். சிஸ்டரின் மகன் எழுந்து, படகைக் காலனிக்கே எழுதித் தருவதாகச் சொன்னார். மேடை கட்டும் பேச்சு அதோடு நின்றது.

அதற்கடுத்த ஞாயிறு கஸ்தூரியும் முருகனும் நானும் எஞ்சினை டிரம்மில் நிறுத்தினோம். ஒவ்வொன்றையும் கஸ்தூரி சொல்ல, நான் செய்தேன். என் கைக்கு அது பழக்கமில்லாத வேலை. கியர் எண்ணெய் தெளிவாக வந்தது. போன தையில் சிஸ்டர் மாற்றிய வாஷர் நன்றாகப் பிடித்திருந்தது.

அவருடைய பொறுமையைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எனக்கு அவர் பொறுமைசாலியாகத் தெரிந்ததில்லை. பையனைப் பறிகொடுத்த அந்த ஐப்பசி முதல் அவர் கோபமாகவே இருந்தார். அந்தக் கோபத்தோடுதான் வருடா வருடம் பஸ் ஏறி வந்தார். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். என்னுடையது இதுவரை வீட்டுக்குள் மட்டும் இருந்த கோபம். துறைக்கு எழுதிய கடிதத்தை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் எழுதுவேன்.