மெர்சியின் தட்டு

நடந்ததை மாற்றிச் சொன்னால் அது பொய். எங்கேயுமே நடக்காத ஒன்றை, யாரோ எழுதி யாரோ நடித்த ஒன்றை மாற்றிச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? மெர்சியிடம் கேட்டால், "போய் வேலையப் பாரு" என்பாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் பையிலிருந்து வெளியே வருவது ஒரு காலித் தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கிய எவர்சில்வர் தட்டு. அதை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவாள். திரும்பி வருவதற்குள் அதில் ஈஸ்வரியின் புளிச்சோறு ஒரு கை, கிறிஸ்டினாவின் கருவாட்டுக் குழம்பு ஒரு கரண்டி, இளமதியின் எலுமிச்சை ஊறுகாய், இன்னும் யார் யாருடையதோ பொரியல், அப்பளத் துண்டு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். கதை சொல்கிறவள் சாப்பாடு கொண்டுவரக் கூடாது. அந்த பேக்கிங் ஹாலில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. மெர்சி உட்கார்ந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, ஏழெட்டு வீட்டுச் சோற்றுக்கும் சேர்த்து ஒரே ஜெபமாக முடித்துவிட்டு, "எங்க வுட்டேன்?" என்று தொடங்குவாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனி அது. செல்போனை வாசலிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். எனவே சாப்பாட்டு அரைமணியில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது; கேட்பதற்குத்தான் உண்டு. எல்லோர் வீட்டிலும் போன் இருக்கிறது, படமும் தொடரும் அதில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஈஸ்வரி முதல் காட்சியிலேயே தூங்கிவிடுவாள். கிறிஸ்டினாவின் போன் மாலையில் பிள்ளைகள் கைக்குப் போனால் திரும்பி வராது. ஆகவே இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பார்ப்பது மெர்சியின் பொறுப்பாயிற்று.

வள்ளூரில் அவள் வீட்டுச் சமையலறையில் அரிசி டப்பாவின்மேல் சாய்த்து வைத்த போனில் பார்ப்பாள். ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது குக்கர் விசிலுக்கு. கணவன் எட்வர்ட் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருப்பதே குறைவு. பார்ப்பதெல்லாம் மருமகனின் கணக்கில். "அம்மா, நீ பாக்கறதுனால அவுரு போன்ல அழுவுற படமா வந்துகினே கீதாம்" என்று மகள் ஜெனிபர் சலித்துக்கொள்வாள். "அழுவட்டும், நல்லதுதான்" என்பாள் மெர்சி.

அவளைச் சிறந்த கதைசொல்லி என்று சொல்லிவிட முடியாது. குரல் கட்டை. துப்பு துலங்கும் இடத்தில் அவசரப்படுவாள். யாராவது சமையல் செய்யும் காட்சி வந்தால் நகரவே மாட்டாள். கொரியாவோ ஸ்பெயினோ, தமிழ்க் குரலில் எந்த ஊர்க் கதை வந்தாலும் அதன் ஆட்கள் அவள் வாயில் இந்தப் பக்கத்து ஆட்களாகிவிடுவார்கள். வாயில் நுழையாத பெயர் கொண்ட இன்ஸ்பெக்டர், "நம்ம பரசுராமன் சார் மாதிரி. சிரிச்சா பல்லு வலிக்கும் அவுருக்கு" என்று வந்து நிற்பார். ஷிப்ட் சூப்பர்வைசர் பரசுராமன் அந்த நேரத்தில் தற்செயலாகக் கதவைத் திறந்தால் மேசையே குலுங்கும்.

"அவுங்க ஊர்ல நாஷ்டாக்கு இன்னாக்கா துண்றாங்க?" என்பாள் கிறிஸ்டினா.

"ரொட்டி. நீ சுடற தோச மாதிரி வெறப்பா இருக்கும்."

ஆனால் ஒன்றில் மட்டும் அவள் இம்மியும் இளகமாட்டாள். ஈஸ்வரி நிறைமாதமாக இருந்தபோது ஒரு தொடரில் கர்ப்பிணி நர்ஸ் ஒருத்தி தீயில் மாட்டிக்கொண்டாள். "அவள சாவடிக்காதக்கா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் ஈஸ்வரி. மற்றவர்களும் கண்ணைக் காட்டினார்கள். மெர்சி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "நானா சாவடிக்கிறேன்? அவ செத்துட்டா. பேர மாத்தலாம், ஊர மாத்தலாம். நடந்தத மாத்தக் கூடாது. அப்புறம் இன்னாத்துக்கு என்னாண்ட கேக்குறீங்க, நீங்களே சொல்லிக்கலாமே?" அந்த வாரம் முழுக்க ஈஸ்வரி தட்டில் எதுவும் போடவில்லை. மெர்சி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இருந்ததைச் சாப்பிட்டாள்.

ஹாலைக் கூட்டித் துடைக்கும் கங்கம்மா இந்த வட்டத்தில் சேர்ந்ததில்லை. ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரி, ஊறுகாய் கொண்டுவரும் இளமதியின் தாய். தண்ணீர்க் குழாயோரம், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்தில் எப்போதும் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்று அவளுடையது. சிவப்பு மூடி போட்டது மகன் ரகுவுடையது.

ரகு பக்கத்துத் தெரு இரும்பு ஆலையில் வேலை பார்த்தவன். தினமும் மத்தியானம் இந்தக் கம்பெனி வாசலுக்கு வந்து, அம்மா கையிலிருந்து சிவப்பு மூடி டப்பாவை வாங்கிப் போவான். ஒரு பெருமழைக் காலத்தில், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது, ஆரணியாற்றுத் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பைக் இரண்டு மைல் கீழே முள்ளில் சிக்கிக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். கங்கம்மாவிடம் மட்டும் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை அவள். "எங்க நைனா ரகு நீச்சல்காரன். எங்கியோ கர ஏறிக்கீறான்" என்பாள். தினமும் இருவருக்கும் சேர்த்துச் சமைத்து, இரண்டு டப்பாவையும் கட்டிக்கொண்டு வருவாள். சிவப்பு மூடி திறக்கப்படாமலே பஸ்ஸேறித் திரும்பிப் போகும்.

இளமதிக்கு மாப்பிள்ளை பேசி வைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. பள்ளிப்பட்டுப் பையன், நல்ல மாதிரி. தேதி கேட்டால் கங்கம்மாவிடம் ஒரே பதில்: "அண்ணங்காரன் வரட்டும். அவன் இல்லாம தங்கச்சிக்கு இன்னா கல்யாணம்?" மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வரைதான் பொறுப்போம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். இளமதி அம்மாவிடம் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கல்யாணம் வேண்டும் என்று அவள் சொன்னால், அண்ணன் செத்துவிட்டான் என்று சொன்னதாக ஆகிவிடும்.

அந்த ஐப்பசியில்தான் பனி ஊர்க் கதை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாகமாக வெளியான தொடர். மெர்சி சனிக்கிழமை மத்தியானம் சொல்வாள். முதல் பாகத்தில், உறைந்த ஏரியைத் தாண்டிப் போன ஒரு வாலிபன் காணாமல் போகிறான். "வண்டி கரையில கெடக்குது. சாவி கூட அதுலியே கீது. ஆளு மட்டும் இல்ல" என்றாள் மெர்சி. குழாயோரம் டப்பா கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கங்கம்மா ஒரு மேசை தள்ளி உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் பெஞ்சின் ஓரத்தில். தட்டில் அவள் எதுவும் போடவில்லை. அவள் டப்பா அதற்குள் காலியாகியிருக்கும்; சிவப்பு மூடி போட்டதிலிருந்து எடுத்துக் கொடுக்க அவளுக்கு உரிமை கிடையாது. மெர்சி தொடங்குமுன் ஒன்று மட்டும் கேட்பாள்:

"அந்தப் புள்ள வந்துட்டானா?"

"இன்னும் இல்லக்கா."

"வருவான். அவங்கம்மா வெளக்க அணைக்காம வெச்சுக்கினு கீதுல்ல."

கடைசிப் பாகம் வெளியான இரவு ஈஸ்வரிகூடத் தூங்காமல் பார்த்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் மெர்சி ஏறியதும் பாய்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கங்கம்மாவும் இளமதியும் வருவது வேறு பஸ் என்பதால் சத்தமாகவே பேசினாள்.

"வந்துட்டான் பாத்தியாக்கா! கதவத் தொறந்தா நிக்கிறான்! எனுக்கு அழுவ தாங்கல."

"நானும் பாத்தேன்" என்றாள் முன் சீட்டிலிருந்து கிறிஸ்டினா. "அந்தம்மா ஒண்ணுமே பேசாம சோறு போடுது பாரு, அப்பா!"

"இன்னிக்கி கங்கம்மாவ முன்னாடி குந்த வைக்கணும்க்கா. கேட்டா மனசு குளுந்துரும் அதுக்கு" என்றாள் ஈஸ்வரி.

மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மழைத் தண்ணீர் தேங்கிய வயல்கள் போய்க்கொண்டிருந்தன. பஸ் சிப்காட்டுக்குள் திரும்பும்போது, "நா சொல்லிக்கிறேன். நடுவுல யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

மத்தியானம் மணி அடித்தது. மெர்சி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேசை நடுவில் தட்டு இல்லை. புளிச்சோற்றைக் கையில் அள்ளிய ஈஸ்வரி, போட இடம் தேடினாள். "தட்டு எங்கக்கா?" "பையில கீது. நீ துண்ணு." ஜெபமும் இல்லை. கங்கம்மா பெஞ்சின் நடுவிலேயே வந்து உட்கார்ந்து, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"வந்துட்டானா?"

மெர்சி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பனி உருகிருச்சுக்கா. ஏரி பூரா தண்ணியாயிருச்சு. படகுல போயி அவன எடுத்தாங்க."

ஈஸ்வரியின் வாய் திறந்தது. மேசைக்கு அடியில் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியது. இளமதியின் கை. அவளும் இரவு பார்த்திருந்தாள் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. அவள் தலை நிமிரவில்லை.

"உசுரோடவா?" என்றாள் கங்கம்மா.

"இல்லக்கா. அன்னிக்கே போயிட்டான். வண்டி நின்ன அன்னிக்கே."

எங்கோ மோல்டிங் எந்திரம் ஒரு முறை மூச்சு விட்டது.

"அவங்கம்மா இன்னா பண்ணுச்சு?"

"அழுதுச்சு. அத்தினி நாளும் அழாதது எல்லாத்தையும் அன்னிக்கி அழுதுச்சு. மூஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. குளிப்பாட்டி, நல்ல துணி போட்டு, அவுங்க மொறப்படி எல்லாம் பண்ணாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஊட்டுக்கு வந்து உல வெச்சுச்சு."

"எத்தினி பேருக்கு வெச்சுச்சு?"

"ஊட்ல இருக்கறவங்களுக்கு."

கங்கம்மா எழுந்தாள். அழவில்லை. மெதுவாக நடந்து குழாய்ப் பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஈஸ்வரி இளமதியின் பிடியிலிருந்து கையை உதறிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சீறினாள்.

"இன்னா மனசுக்கா உனுக்கு? உசுரோட வந்தவன சாவடிச்சுட்டியே! அன்னிக்கி எனுக்காக ஒருத்திய பொழைக்க வைக்கச் சொன்னேன், நடந்தத மாத்தக் கூடாதுன்னே. இன்னிக்கி யாரு கேட்டாங்க உன்ன?"

ஈஸ்வரி அதற்குப் பிறகும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்: மூடி எண்ணும் மேசையில், பஸ்ஸில், ஒருமுறை மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில். இளமதி கேட்டுக்கொண்டதால் அப்படி மாற்றிச் சொன்னாளா என்றுகூடக் கேட்டாள். அந்த உரிமையை மெர்சிக்கு யார் கொடுத்தார்கள், ரகு உண்மையிலேயே எங்காவது கரை ஏறியிருந்தால் என்ன செய்வாள் என்றெல்லாம் கேட்டாள். மெர்சி அந்தத் தொடரைப் பற்றி மறுபடி பேசியதே இல்லை.

அன்று குழாய்ப் பக்கமிருந்து கங்கம்மா திரும்பி வந்தாள். கையில் சிவப்பு மூடி டப்பா. மேசைமேல் வைத்து மூடியைத் திருகினாள். இறுகியிருந்தது, முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். உள்ளே சோறும், கத்திரிக்காய்க் கூட்டும், ஓரத்தில் ஒரு முழு முட்டையும் இருந்தன. டப்பாவை மெர்சியின் பக்கம் நகர்த்தி, "உன் தட்ட எடுமே. கத சொன்னியே, துண்ணு" என்றாள்.

மெர்சி குனிந்து பையைத் திறந்தாள். தட்டை எடுத்து, கம்பெனிச் சீருடையான நீலக் கோட்டின் ஓரத்தால் ஒரு முறை துடைத்தாள். பிறகு அதை மேசைமேல், தனக்கு முன்னால் அல்ல, கங்கம்மாவுக்கு முன்னால் வைத்து, "நீ துண்ணுக்கா" என்றாள்.