பேர் போடாத ஜெபக் கருத்து

புதன்கிழமை தோறும் எங்கள் அன்பியத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். அன்பியம் என்றால் வேறொன்றுமில்லை, பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது சேர்ந்தது. முடிவில் அவரவர் கஷ்டத்தைச் சொல்ல, எல்லோரும் அதற்காக வேண்டிக்கொள்வோம். போன் வந்தபிறகு அந்த ஜெபக் கருத்துகளை வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வேலையானது. யாரும் கொடுத்த வேலையல்ல, நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஏழு வயது மகள், ஒரு பை, அவ்வளவுதான். கட்டிக்கொடுத்தது கிருஷ்ணகிரிப் பக்கம். புருஷன் கை நீட்டுவதோடு நிற்கவில்லை. மணிக்கொரு தரம் வீடியோ காலில் கூப்பிட்டு, "போனைச் சுத்திக் காட்டு, கூட யாரு இருக்கான்னு பாக்கறேன்" என்பானாம். சிம்மை உடைத்து எறிந்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்கக்கா. எங்க ரெண்டு பேர் பேரும் படமும் மட்டும் எங்கயும் போட்டுராதீங்க" என்றாள்.

"அட, நீ வேற! நான் எதுக்கு சாமி போடறேன்?" என்றேன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதுதான் கொடுமை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் துணிக்கடையில் வேலை கிடைத்தது. மகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆனால் யாராவது கதவைத் தட்டினால் போதும், அம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை. தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, எல்லோருடைய கருத்தையும் போனில் தட்டிவிட்டு, கடைசியில் அவளுக்காகவும் ஒன்று சேர்த்தேன். 'கணவரின் கொடுமை தாங்காமல் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தையோடு வந்து, துணிக்கடையில் வேலை செய்து பிழைக்கும் நம் சகோதரிக்காக வேண்டிக்கொள்வோம்.' பேரில்லை, படமில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மேலே வழக்கமாகப் போடும் வரி, அன்பியத்தின் பெயரும் ஊரும், அது பாட்டுக்கு இருந்தது.

ஜெபத்தை யார் அமுக்கி வைப்பார்கள்? ஒருத்தி தன் தங்கச்சியின் பங்குக் கோயில் குழுவுக்கு அனுப்பினாள். அங்கிருந்து இன்னொரு பங்கு. இப்படியே போய், அந்தப் புருஷனுடைய அம்மா இருக்கும் குழுவில் விழுந்திருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தது. அந்தக் கிழவியும் கீழே கைகூப்பும் படம் போட்டிருந்தாள், மாதாவே!

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 'நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கம். பாவம், யாரோ ஒரு சகோதரி. ஜெபிச்சுக்குங்க' என்று எங்கள் ஆள் ஒருவரே போட்டிருந்தார். துணிக்கடை வாசலில் ஒருவன் ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதிக்கிறான். சுற்றிலும் தூக்கிப் பிடித்த போன்கள். தடுக்க ஒரு கை வரவில்லை, படுபாவிகள். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அந்தச் சேலை எனக்கு அடையாளம் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் கையில் கட்டோடு படுத்திருந்தாள். தாடை வீங்கிப் பேச்சே சரியாக வரவில்லை.

"எப்படிக்கா கண்டுபுடிச்சான்? நான் யாருகிட்டயும் சொல்லலையே."

மறைத்திருக்கலாம். முடியவில்லை. "நான்தான் கண்ணு, குரூப்ல..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்காக வேண்டிக்கத்தானே போட்டீங்க. வுடுங்கக்கா."

செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் பரிகாரமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை, இன்றுவரை இறங்கவில்லை.

அவன் ஜாமீனில் வந்துவிட்டான் என்று தெரிந்த மறுநாள் காலையிலேயே அவள் கிளம்பினாள். கட்டுக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பையை நான்தான் பஸ் ஸ்டாண்ட் வரை தூக்கிப் போனேன்.

"எங்க போறேன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லிடறேங்கக்கா" என்று வாயெடுத்தாள்.

"வேணாம் சாமி! எங்கிட்ட மட்டும் சொல்லாத" என்று அவள் வாயைப் பொத்தினேன்.

"பெரியம்மா, நீங்க எப்ப அங்க வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே சின்னது படியேறியது. அந்த பஸ்ஸின் ஊர்ப் பலகை கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.