தங்க மூடிக்குள் அழுகிய பல்

பினாங்கில் இருந்தபோது சீன வைத்தியர் ஒருவர் என் கடைவாய்ப் பல்லுக்குத் தங்க மூடி (சொத்தையைச் சுரண்டிவிட்டு மேலே கவிழ்க்கும் தகடு) போட்டுவிட்டார். நான் சிதம்பரம் திரும்பிய பிறகு யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, அங்கேயே கடை வைத்திருந்த என் வீட்டுக்காரரின் கடிதமும் நின்றது. அந்தச் சமயத்தில்தான் பல் வலிக்கத் தொடங்கியது.

கிராம்பு வைத்தேன், உப்புநீர் கொப்பளித்தேன். ஒருநாள் வலி தானாக நின்றது. அப்பாடா என்றிருந்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வைத்தியம் இல்லாமல் வலி நின்றால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கும். சீழ் பிடிப்பது அதன் பிறகுதான்.

அது ரமலான் மாதம். என் வாய் நாறியது. நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்வுக்குக் கஸ்தூரியைவிடப் பிரியம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். "ஒன் நோன்பு கபூலாயிடுச்சு புள்ளே, அல்லா ஏத்துக்கிட்டான், தெருவே மணக்குது" என்று மாமியார் கேலி செய்தார். நானும் சிரித்தேன். நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகும் வாடை போகவில்லையே என்று யோசிக்க வேண்டாமா? மடச்சி, யோசிக்கவில்லை.

பெருநாளுக்கு முன்பே தாடைக்கடியில் கல்லாக வீங்கியது. நாக்கு மேலே எழும்பிக்கொண்டது. படுத்தால் மூச்சு அடைத்தது. கொழுந்தன் என்னை ரயிலேற்றிக் கடலூருக்குக் கூட்டிப்போனான். எச்சிலை விழுங்க முடியாமல் துணியில் வழித்துக்கொண்டே வந்தேன். முதுநகர் ஸ்டேஷன் வரும்வரை உயிர் இருக்குமா என்று நடுங்கினேன். பினாங்கில் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலேயே நான் மவுத்தாகிவிடுவேனா?

"எத்தினி நாளா நாறுது?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நோன்பு வாடைன்னு நெனச்சிட்டோம் சார்" என்றான் கொழுந்தன்.

"தொண்டை அடைச்சிக்கிட்டு வருது. இப்பவே கீறணும். மயக்க மருந்து குடுத்தா மூச்சு நின்னுடும். பல்லக் கடிச்சிக்கம்மா."

எந்தப் பல்லைக் கடிப்பது! தாடைக்கடியில் கத்தி இறங்கியது முழுக்கத் தெரிந்தது. கத்தக்கூட வாய் திறக்கவில்லை. சீழ் வடிந்து மூச்சு வந்ததும் அழுதேன். சல்பா மாத்திரையில் வீக்கம் வற்றிய பிறகு பல்லைப் பிடுங்கினார்கள்.

மூடியைக் கழுவிக் காட்டினார் டாக்டர். ஒரு கீறல் இல்லை. "தங்கத்துக்கு ஒண்ணும் ஆவலம்மா. ஓரத்துல எச்சி எறங்கி, உள்ளாற பல்லுதான் பூடுச்சு" என்றார். வெளியே மின்னியதையே நம்பிக் கிடந்திருக்கிறேன்.

தழும்பு ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. காலையில் கண் விழித்ததும் எச்சில் இறங்குகிறதா என்று விழுங்கிப் பார்த்த பிறகே எனக்குப் பொழுது விடிகிறது.

யுத்தம் முடிந்து அவர் உயிரோடு வந்து சேர்ந்தார். பாதியாக இளைத்திருந்தார். பெட்டியை வைத்ததும் சோறு கேட்டார். போட்டேன். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் நிமிர்ந்தார்.

"என்ன புள்ளே, என் கழுத்தையே பாக்குறே?"

"ஒண்ணுமில்ல மச்சான். எறங்குதான்னு பாத்தேன்."